மாப்ள, பாஸ்வேர்டு கேக்குது

நேற்றுக் காலை புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வல்லத்திராக்கோட்டை தாண்டும்போது செல்போனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் அந்த ஆன்லைன் கடையிலிருந்து. ‘நீங்கள் விரும்பிக் குறித்து வைத்த விளையாட்டு இன்று முதல் பாதி விலையில்’ என்று போட்டிருந்தது. மேலே என் பெயர். கீழே பனி விழுந்த சாலையில் நிற்கும் ஒரு லாரியின் படம்.

நான் எதையும் குறித்து வைக்கவில்லை. குறித்தது நீ. அந்த லாரி கேமின் அடுத்த பாகம் வரப்போகிறது என்று தெரிந்த அன்றைக்கே குறித்துவிட்டு எனக்குப் போன் செய்தாய். “வாங்கச் சொல்லல மாப்ள. சும்மா போட்டு வச்சிருக்கேன்” என்றாய்.

நீ இறந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. அந்தக் கடைக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை நீ ஒருநாளும் இருந்ததில்லை; இருந்தது நான் மட்டும்தான்.

ஆலங்குடியில் இறங்கி அம்மாவைப் பார்க்கப் போக வேண்டியவன், எதிரே நின்ற கீரமங்கலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உன் அக்காவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. சொன்னேன். என்ன நடந்தது என்பதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. அதை எழுத வேண்டுமானால் முதலில் இருந்தே எழுத வேண்டும். நான் உனக்குச் செய்தது உனக்குத் தெரியும். ஏன் செய்தேன் என்பது தெரியாது.

பாலிடெக்னிக்கில் நாம் ஒரே பெஞ்ச். என் வீட்டில் மாமா கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் போட்டு விளையாட ஒன்றும் இல்லை. உன்னிடம் பழைய கம்ப்யூட்டரோடு கேம் டப்பாக்களும் இருந்தன. லீவு நாளெல்லாம் கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி, அந்தக் கூலியில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்தவை. வாங்குவதற்குத் திருச்சி வரை பஸ்ஸில் போவோம். கண்ணாடி அலமாரி வைத்த அந்தக் கடையில் நீ அரை மணி நேரம் நின்று பார்ப்பாய். டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, நம் கம்ப்யூட்டர்களில் அது ஓடுமா என்று பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டுவாய். வாங்கிய பிறகு வழியில் பிரிக்க மாட்டாய். நான் எவ்வளவு கெஞ்சினாலும் மடியிலேயே வைத்திருப்பாய். “பிரிச்சா பழசாயிரும்டா” என்பாய். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, பிளேடால் ஓரத்தில் மட்டும் கீறி மேல்தாளை உரிப்பாய். புதுப் பிளாஸ்டிக்கும் மையும் கலந்த வாசம் ஒன்று வரும். உள்ளே இருக்கும் சின்னப் புத்தகத்தை முழுக்கப் படித்த பிறகுதான் சிடியைக் கையில் எடுப்பாய்.

நீ முடித்ததும் எனக்குத் தருவாய். “எடுத்துட்டுப் போ. திருப்பிக் கொண்டாந்து வையி. அவ்வளவுதான்.” மூன்று வருடம் நீ வாங்கிய எல்லாவற்றையும் நான் விளையாடினேன். நான் ஒன்றுகூட வாங்கவில்லை.

ஒருமுறை நான் திருப்பிக் கொடுத்த சிடியில் கீறல் விழுந்திருந்தது. என் தம்பி தரையில் போட்டு இழுத்துவிட்டான். “நீ குடுக்கும்போதே அப்படித்தான்டா இருந்துச்சு” என்றேன். நீ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு டப்பாவில் வைத்து மூடி, அலமாரியில் அதன் இடத்தில் நிறுத்தினாய். “சரி, இருக்கட்டும்” என்றாய். அதற்குப் பிறகு அந்த கேம் ஓடவே இல்லை. நான் பொய் சொன்னது உனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தது. நீ சண்டை போட்டிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். போடவில்லை. அடுத்த மாதம் புது டப்பாவை வழக்கம்போல் என்னிடம் நீட்டினாய். அன்றைக்குத்தான் உன்மேல் எனக்குள் ஏதோ கசந்தது. பெயர் வைக்காமல் பல வருடம் வைத்திருந்தேன்.

படிப்பு முடிந்து நான் ஏசி மெக்கானிக்காக கல்ஃபுக்குப் போனேன். நீ ஊரிலேயே இருந்து, குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்றை எடுத்து ஓட்டினாய். அக்கா பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். அவர் எடை போட்டு வாங்கும் முல்லையையும் சம்பங்கியையும் புதுக்கோட்டைக்கும் பட்டுக்கோட்டைக்கும் நீ கொண்டுபோய் இறக்குவாய். அப்பா அம்மா போன பிறகு உனக்கு இருந்தது அந்த ஒரு அக்காதான். மலேசியாவில் இருக்கும் மச்சான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார்.

அந்தப் பெரும்புயல் வந்து தென்னையையெல்லாம் சாய்த்துப் போட்ட வருடம், உங்கள் மாட்டுக் கொட்டகையின் கூரையும் போனது. பத்து நாள் கழித்துப் புதுத் தகரம் போட நீயே மேலே ஏறினாய். கட்டை வழுக்கிவிட்டது. கீழே கிடந்த உரலின்மேல் முதுகு அடிக்க விழுந்தாய். அதன் பிறகு இடுப்புக்குக் கீழே உனக்கு ஒன்றும் இல்லை.

ஐந்து மாதம் கழித்து லீவில் வந்தேன். வெறுங்கையோடு வரவில்லை. புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்தேன். மெல்லியது, கறுப்பு, அழகானது. கட்டிலில் சாய்ந்தபடியே நீ அதன் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தாய்.

“சிடி போடுற எடம் எங்கிட்டு இருக்கு?”

“அதெல்லாம் இப்பக் கெடையாதுடா. எல்லாம் நெட்லயே எறங்கும்.”

“அப்ப இதெல்லாம்?” என்று அலமாரியைப் பார்த்தாய். முப்பதுக்கு மேல் டப்பாக்கள், முதுகு தெரிய வரிசையாக நின்றன.

“இன்னும் இந்த டப்பாவக் கட்டிக்கிட்டு அழுகுறியா? வெறும் டப்பாடா. உள்ள ஒண்ணும் இல்ல” என்றேன்.

சக்கர நாற்காலி திரும்ப இடம் வேண்டும், அலமாரி இடைஞ்சல் என்று அக்காவிடம் சொன்னேன். அது உண்மைதான். அடுத்த அறையில் வைத்திருக்கலாம் என்பதும் உண்மைதான். பழைய பேப்பர்காரரை வாசலுக்குக் கூட்டி வந்தது நான். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து அட்டையையும் புத்தகத்தையும் சாக்கில் போட்டுக்கொண்டார். “தட்டு வேணாம் தம்பி, அத யாரும் எடுக்க மாட்டாங்க” என்று சிடிக்களைத் தரையில் குவித்துவிட்டுப் போனார். அக்கா அவற்றை வீணாக்கவில்லை. கொய்யா மரத்துக்குக் கிளி வராமல் இருக்க, நூலில் கோத்துக் கிளைகளில் கட்டிவிட்டார். உன் கட்டிலுக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு நேரே கொய்யா மரம். காற்றடிக்கும்போது உன் பாலிடெக்னிக் மூன்று வருடமும் கிளையில் சுற்றிச் சுற்றி மின்னியது. “நல்லாத்தான்டா மின்னுது” என்றாய். நான் சத்தமாகச் சிரித்தேன்.

அன்றைக்கே உட்கார்ந்து அக்கவுண்ட் திறந்தேன். என் பெயர், என் மெயில், என் கார்டு. பாஸ்வேர்டு மட்டும் நீ சொன்னது: அக்காவின் பெயரும் உன் வண்டி நம்பரும். முதல் கேம் இறங்கிக்கொண்டிருந்தபோது கேட்டாய்.

“மாப்ள, இது என்னோடதா, ஒன்னோடதா?”

“நமக்குள்ள என்னடா என்னோடது ஒன்னோடது. வெளையாடு.”

அது பதில் இல்லை. நீயும் திரும்பக் கேட்கவில்லை.

நான் வாங்கித் தந்ததில் உனக்குப் பிடித்துப்போனது அந்த லாரி கேம் ஒன்றுதான். ஏதோ ஒரு குளிர் நாட்டில், சரக்கு ஏற்றி, சொன்ன நேரத்துக்குள் சொன்ன ஊரில் இறக்க வேண்டும். காலால் மிதிக்க வேண்டியதையெல்லாம் விரலால் அழுத்தி ஓட்டினாய். அக்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது நீயும் ‘கிளம்புவாய்’. அவர் மதியம் வந்து சோறு போடும்போது, “இன்னைக்கு ரெண்டு லோடு எறக்கிட்டேன்க்கா” என்பாய். “டீசல் போட்டியா?” என்று அவர் சிரிக்காமல் கேட்பாராம். ஒரு லாரியில் தொடங்கி நாற்பது லாரிக்கு முதலாளியானாய். கம்பெனிக்கு அக்காவின் பூக்கடைப் பெயரையே வைத்தாய். நாலு வருடம்.

இந்த நாலு வருடமும் நான் எப்படி இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கொடுப்பவனாக நிற்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஒவ்வொரு கேம் வாங்கியதும் உன் போனுக்குக் காத்திருப்பேன். ஒருநாள் தாமதமானால் நானே கூப்பிட்டு, “எறங்கிருச்சா?” என்பேன். நீ நன்றி சொல்லும் வரை போனை வைக்க மாட்டேன்.

அந்த அக்கவுண்டில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் விளையாட முடியும். நான் அங்கே திறந்தால் இங்கே நீ ஓட்டிக்கொண்டிருந்த லாரி நடு ரோட்டில் நின்று, திரை அணைந்துவிடும். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. நான் திறந்ததும் உன் செய்தி வரும்: ‘வந்துட்டியா மாப்ள? சரி நீ ஆடு. நான் அப்பறம் வாரேன்.’ சில வெள்ளிக்கிழமைகளில் நான் விளையாடவே இல்லை. திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். அந்தச் செய்தியைப் படிப்பதற்காகத்தான் திறந்தேன்.

பாலிடெக்னிக் நண்பர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒருநாள் ஒருவன் உன்னைப் பற்றிக் கேட்டான். நீ பதில் போடுவதற்குள் நான் போட்டேன். உன் அறையில் எடுத்த போட்டோ. அதில் நீ நாற்காலியில், எதிரே கம்ப்யூட்டர். கீழே எழுதினேன்: ‘நல்லா இருக்கான். கம்ப்யூட்டர், கேம் எல்லாம் நம்மதான். நம்ம இல்லைன்னா அவனுக்குப் பொழுதே போகாது.’ ஏழெட்டுப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். பெரிய மனசுடா என்றான் ஒருவன்.

கொஞ்ச நேரம் கழித்து நீ எழுதினாய். ‘மூணு வருசம் என் கேம் எல்லாத்தையும் நீதான் ஆடுன. நான் போட்டோ எடுத்து வைக்காமப் போயிட்டேன் மாப்ள.’

குரூப்பே சிரித்தது. விழுந்து விழுந்து சிரிக்கும் படங்கள் வரிசையாக வந்தன. நீ கோபத்தில் எழுதவில்லை, கிண்டலாகத்தான் எழுதினாய் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், கல்ஃபில் நான் தங்கியிருந்த அறையில் கூட இருந்த மூன்று பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, பாஸ்வேர்டை மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இதைப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த டப்பாக்கள் உன் அலமாரியில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்? பிளேன் ஏறி வந்து, கீரமங்கலம் வந்து, கட்டிலில் கிடக்கும் உன் கண்ணெதிரே கையை நீட்டி எடுத்திருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்து, உன் முகத்தைப் பார்க்காமல் செய்ய முடிந்தது. அதனால் செய்தேன்.

மறுநாள் உன் செய்தி வந்தது. ‘மாப்ள, பாஸ்வேர்டு கேக்குது.’ படித்துவிட்டு வைத்தேன். அதற்கு மறுநாள்: ‘பழசப் போட்டா தப்புங்குது. மாத்திட்டியா?’ படித்தேன். மூன்றாம் நாள்: ‘குரூப்ல போட்டது தப்புதான்டா. அழிச்சுட்டேன் பாரு.’ போய்ப் பார்த்தேன். அழித்திருந்தாய். நீ குரூப்பில் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, அதைத்தான் அழித்திருந்தாய். எனக்கு அது இனித்தது. இன்னும் ஒரு வாரம் தவிக்கட்டும் என்று நினைத்தேன்.

வாரக் கடைசியில் அக்கா போன் செய்தார். “தம்பி, கம்ப்யூட்டர்ல என்னமோ தகராறாம்ப்பா. இவன் சரியாச் சாப்பிட மாட்டேங்கறான். என்னன்னு கொஞ்சம் பாரேன்.”

“சர்வர் பிரச்சினைக்கா. கம்பெனிக்காரன்தான் சரி பண்ணணும். நம்ம கையில ஒண்ணும் இல்ல” என்றேன்.

பின்னால் உன் குரல் கேட்டது. “விடுக்கா. அவன் வேலையா இருப்பான்.”

அதன் பிறகு உன்னிடமிருந்து ஒரே ஒரு செய்தி. ‘சரி மாப்ள.’ அவ்வளவுதான். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. இப்போது கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுப்பது என்று ஒரு மாதம் போயிற்று. பிறகு நான் அதைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டேன். அது அவ்வளவு சுலபமாக இருந்தது. ஐந்தாம் மாதம் அக்காவிடமிருந்து மறுபடி போன் வந்தது. நீ புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு எட்டு நாள் கிடந்து, அன்று விடியும் முன் போய்விட்டாய் என்றார்.

உன் கருமாதிக்குத்தான் என்னால் வர முடிந்தது. பந்தல் போட்டு, ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைத் தனியே அழைத்து உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

கேம் ஓடிய காலத்தில் நீ தினமும் காலையில் உன்னைத் தூக்கி நாற்காலியில் வைக்கச் சொல்வாயாம். குளித்து, சட்டை போட்டு, தலை சீவி உட்காருவாயாம். அது நின்ற பிறகு, “எதுக்குக்கா எந்திரிக்கணும்?” என்று கேட்டாயாம். “மல்லாக்கவே கெடந்தான் தம்பி. பொரட்டிப் போடக் கூப்பிட்டாலும் வேணாம்னுட்டான். நான் மார்க்கெட்ல இருக்கேன், யாரு பாக்குறது? முதுகுல புண்ணு வந்துருச்சு. என்கிட்டச் சொல்லவே இல்ல. வாடை அடிச்சப்பறம்தான் தெரியும். அந்தப் புண்ணுலதான் காய்ச்சல் கண்டுச்சு.”

இடையில் ஒருநாள் அக்கா, கேமின் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, மார்க்கெட் லீவு அன்று திருச்சிக்குப் போயிருக்கிறார். நாம் போன அதே கடை. அலமாரி முழுக்க இப்போது செல்போன் கவர்கள். கடைக்காரர் உள்ளே போய்த் தேடி, ஒரு டப்பாவைத் துடைத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து நீ பிரித்தால், உள்ளே சிடி இல்லை. ஒரு தாள். அதில் எழுத்தும் எண்ணுமாய் ஒரு வரி; அதை நெட்டில் போட்டால்தான் கேம் இறங்கும். “பரவால்லக்கா, நம்ம பேர்லயே புதுசா அக்கவுண்ட் போட்டு, ஒத்த லாரியில இருந்து ஆரம்பிச்சுக்கறேன்” என்றாயாம். அன்று நீயே நாற்காலியில் உட்காரவைக்கச் சொன்னாயாம். அந்த வரியைப் போட்டதும், இது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்திருக்கிறது. யாரோ பிரித்துப் பயன்படுத்திவிட்டுக் கொடுத்ததை மறுபடி ஒட்டி விற்றிருக்கிறார்கள். அக்கா மறுநாளே பூக்கடையை அப்படியே விட்டுவிட்டு மறுபடி திருச்சிக்குப் போனார். “பிரிச்ச டப்பாவத் திருப்பி எடுக்க மாட்டோம்மா” என்றார்களாம்.

“வந்து சொன்னேன். சிரிக்கிறான் தம்பி. மாப்ள அன்னைக்கே சொன்னான், டப்பால ஒண்ணும் இல்லைன்னு, அப்படிங்கறான். நெட்லயே வாங்கித் தாரேன்டான்னேன். வேணாம்னுட்டான். அதுக்கப்பறம் அந்த நாக்காலியில அவன் ஒக்காரவே இல்ல.”

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு வரை வந்தது. அதற்குள் அக்கா எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். “நீ மட்டும் இல்லைன்னா அவன் அந்த நாலு வருசம் இருந்திருக்கவே மாட்டான். நீ நல்லா இருக்கணும் தம்பி.” பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அந்தக் கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்தார். “ஒன்னோடது. எடுத்துட்டுப் போ.” வீட்டில் வைத்துத் திறந்தேன். நான் மாற்றிய பாஸ்வேர்டைப் போட்டதும் உன் லாரி வந்தது. பனிச் சாலையில், மேட்டில் பாதி ஏறிய நிலையில் நின்றுகொண்டிருந்தது. இறக்க வேண்டிய ஊருக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர். ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது வளைவிலேயே தடுப்பில் மோதிக் கவிழ்த்தேன். அணைத்துவிட்டேன். அப்புறம் அதைத் தொடவில்லை.

கல்ஃப் வேலையை விட்டு வந்து, புதுக்கோட்டையில் ஏசி சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்தும் அக்காவைப் பார்க்கப் போகவில்லை. நேற்றுத்தான் போனேன். மார்க்கெட்டில் கூட்டம் குறைந்த நேரம். அக்கா தராசுக்குப் பின்னால் இருந்தார். நரை கூடியிருக்கிறது. முல்லைக் கூடையோடு ஒரு பெரியவர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“வா தம்பி. எப்ப வந்த?” கை நிற்கவில்லை.

“அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

பெரியவர் போகட்டும் என்று நின்றேன். அக்கா, “சொல்லுப்பா, பஸ்ஸுக்கு நேரமாயிரும்” என்றார். சொன்னேன். “அன்னைக்கு சர்வர் பிரச்சினையெல்லாம் இல்லக்கா. பாஸ்வேர்ட நான்தான் மாத்துனேன். வேணும்னேதான் மாத்துனேன்.”

அக்கா தட்டிலிருந்து ஒரு கைப்பிடி பூவை எடுத்தார். முள் நடுவில் நின்றது. பெரியவரிடம் எடையைச் சொன்னார். பூவைக் கூடையில் கவிழ்த்தார்.

“தெரியும்” என்றார்.

“அவன் சொன்னானா?”

“அவனா? கண்ண மூடுற வரைக்கும் ஒன்னைய விட்டுக் குடுக்கலையே. எங்க தெருவுல ஒரு பையன் அதே கேமு ஆடுறான். போயிப் பாத்தேன். அவனுக்கு ஓடுது, இவனுக்கு மட்டும் ஓடலைன்னா, நான் என்ன அவ்வளவு வெவரங்கெட்டவளா?”

“அப்பவே தெரியுமா?”

“திருச்சிக்கு எதுக்குப் போனேன்னு நெனைச்ச?”

பெரியவர் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். நான் தராசருகே போய்க் கேட்டேன். “அப்பறம் ஏங்கா கருமாதி அன்னைக்கு என்னையக் கும்பிட்டீங்க?”

அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. எடை பார்க்கும் அதே கண்.

“திட்டியிருந்தா அழுதிருப்ப. அழுதுட்டு, அக்கா திட்டிருச்சு, தீந்துச்சுன்னு பிளேன் ஏறியிருப்ப. எதுக்கு நான் ஒனக்கு அதைக் குடுக்கணும்? அதான் கும்பிட்டு அனுப்புனேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்றுதான் தொடங்கியிருப்பேன் போலிருக்கிறது. அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“இப்பச் சொல்லிட்டா எறங்கிரும்னு வந்தியாக்கும்? எறங்காது தம்பி. அதுக்குத்தான் ரெண்டு வருசமா ஒன்னையக் கூப்பிடவே இல்ல.” ஒரு துணியை எடுத்துத் தராசுத் தட்டைத் துடைத்தார். “ஆலங்குடி பஸ்ஸு நிக்கிது பாரு. போ.”

போனேன். பஸ்ஸில் இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

உன்னிடம் இரவல் வாங்கி ஆடியவையெல்லாம் பழைய பேப்பர்காரரின் சாக்குக்கும் கொய்யா மரத்துக்கும் போய்விட்டன. உனக்குக் கொடுத்ததாக நான் சொல்லிக்கொண்டவை ஒருநாளும் உன்னுடையதாக இருக்கவில்லை. நீ என்னை மன்னித்திருப்பாய். அது தெரியும், அதனால் எனக்கு ஒரு பயனும் இல்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பந்தல்தான். அங்கே நடந்ததில் ஒன்றை மட்டும் மேலே எழுதாமல் தாண்டிவிட்டேன். அக்கா கும்பிட்டபோது நான் சும்மா நிற்கவில்லை. பத்துப் பேர் பார்க்க, பூ வாசம் போகாத அந்தக் கைகளுக்கு எதிரே, நானும் கைகூப்பி, “இதெல்லாம் என் கடமைக்கா” என்று சொன்னேன்.